இங்கே நல்ல வெயில்

ஆகஸ்ட் 27, புதன்

மே மாதம் நீங்கள் பெட்டியைத் தூக்கிய அன்று தொடங்கிய நோட்டு நேற்றோடு தீர்ந்துவிட்டது. இது இரண்டாவது. முதல் பக்கத்தில் வழக்கம்போல நம் சட்டத்தை எழுதிவிடுகிறேன். கடலில் இருக்கிறவருக்கு வீட்டுக் கவலை சொல்லக் கூடாது. வீட்டில் இருக்கிறவளுக்குக் கடல் கவலை சொல்லக் கூடாது. எந்தப் பக்கமிருந்து கேட்டாலும் பதில் ஒன்றுதான்: 'இங்கே நல்ல வெயில்.' கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் ஓடுகிறது. நீங்கள் ஊருக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, நான் எழுதியதை வாசித்து, சீஃப் இன்ஜினீயர் கப்பல் லாக் புத்தகத்தில் போடுவதுபோல ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிவப்புப் பேனாவால் கையெழுத்துப் போடுவீர்கள். அதற்காகவே இரண்டு வரி இடம் விடுகிறேன். சில பக்கங்களில் 'நம்ப முடியவில்லை' என்றும் எழுதுவீர்கள். நம்பாவிட்டால் போங்கள்.

மதியம் போன் பண்ணினீர்கள். கினி நாட்டில் சரக்கு ஏற்றி முடிந்ததாம். அலுமினியம் எடுக்கிற சிவப்பு மண், மூக்கைச் சிந்தினாலும் சிவப்பாக வருகிறது என்றீர்கள். நாளை அமெரிக்காவுக்குக் கிளம்புகிறீர்கள். "அங்க மழையா?" என்று கேட்டேன். "நல்ல வெயில் புள்ள" என்றீர்கள். உங்கள் குரலுக்குப் பின்னால் தகரத்தில் மூட்டை மூட்டையாக அரிசி கொட்டுகிற சத்தம் கேட்டது. அந்த மண்ணை நனைய நனையவா ஏற்றினார்கள்? கேட்கவில்லை. சட்டம் சட்டம்தான்.

"மாடி எப்படி இருக்கு?" என்று நீங்கள் கேட்டீர்கள். கிளம்புவதற்கு முன் மூன்று நாள் வெயிலில் முழங்கால் போட்டு மொட்டைமாடிக்கு ஏதோ வெளிநாட்டு ரசாயனம் பூசினீர்களே, அதைப் பற்றித்தான். "கல்லு மாதிரி இருக்கு" என்றேன்.

ஆகஸ்ட் 30, சனி

பேக்கரியில் முட்டை வெள்ளை நுரைக்கவே மாட்டேன் என்கிறது. காற்றில் ஈரம் ஏறினால் தூத்துக்குடி மக்ரூன் மக்ரூனாக வராது, பிசின்போல ஒட்டும். முதலாளி மிஷினைத் திட்டினார். பிறகு பேக்கிங் மேஜையில் நின்ற என்னைத் திட்டினார். நான் முட்டையைத் திட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் உங்கள் மகள் டெல்மா போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். ப்ளஸ் ஒன் புத்தகத்தைத் திறந்து நான்கு நாளாகிறது. உலகத்துக் கப்பல்களையெல்லாம் காட்டுகிற ஆப்பில் உங்கள் கப்பல் ஒரு பச்சை அம்புக்குறி. இன்னொரு ஆப்பில் மேகம். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வெள்ளையாக ஒரு கொப்புளம் கழன்று கடலுக்குள் வந்திருந்தது.

"அப்பா கெளம்புன அதே எடம்மா. ரெண்டு நாள் பிந்திக் கெளம்பியிருக்கு."

"எது?"

"இதுதான். இன்னும் பேர் வைக்கல. புயலா மாற இருவது சதவீதம் வாய்ப்புன்னு போட்டிருக்கான்."

"இருவதுன்னா ஃபெயில்தானட்டி?" என்றேன். சிரித்தாள்.

செப்டம்பர் 1, திங்கள்

அறுபது சதவீதமாம். பாஸாகிவிட்டது.

மாமியும் நானும் தாயும் மகளும்போல இருக்கிறோம். இன்றைக்குச் சாளை மீன் குழம்பில் இரண்டாவது தடவை உப்புப் போட்டது யார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. உங்கள் அம்மா என்றால் உங்களுக்கு உடனே மூக்கு விடைக்கும்.

செப்டம்பர் 2, செவ்வாய்

அதற்குப் பேர் வைத்துவிட்டார்கள். அமெரிக்காக்காரன் வருடா வருடம் வரிசையாகப் பேர் எழுதி வைத்திருப்பானாம். சுழல் ஒன்று குறிப்பிட்ட வேகத்துக்கு வந்துவிட்டால் அடுத்த பேரை எடுத்துச் சூட்டிவிடுவானாம். நம் கோயிலில் ஞானஸ்நானத்துக்கே ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அந்தப் பேரை நான் இந்த நோட்டில் எழுதப் போவதில்லை. எழுதினால் வீட்டுக்குள் கூப்பிட்டதுபோல ஆகிவிடும். 'அது' என்றே எழுதுகிறேன், உங்களுக்குப் புரியும்.

டெல்மா கணக்குப் போட்டுச் சொன்னாள். "அப்பா சைக்கிள்ல போறாங்கம்மா. அது பின்னால பைக்ல வருது."

"ரோடு அகலம்தான? அப்பா ஓரமா ஒதுங்கிக்கிடுவாவ" என்றேன்.

வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு நீங்களும் அதையே சொன்னீர்கள். கேப்டன் தெற்கே ஒதுங்கிப் போகிறாராம், கவலை இல்லையாம், நல்ல வெயிலாம். மகளிடம் சொன்னேன், அவள் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அம்புக்குறி தெற்கே திரும்பியிருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

நேற்று சாயங்காலம் பருவம் தப்பி ஒரு மழை. அரைமணி நேரம்தான். மாடி அறைக் கட்டிலைச் சுவரோரத்திலிருந்து நடுவில் இழுத்துப் போட்டேன். காற்று வரட்டும் என்றுதான். பிளாஸ்டிக் வாளியையும் மேலேயே வைத்திருக்கிறேன், துணி ஊறவைக்கச் சௌகரியம்.

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் காவி உடுத்தி நம் தெரு வழியாகப் போனார்கள். மாமி எல்லாருக்கும் மோர் கொடுத்தார். ஒவ்வொருவரிடமும் "எம்புள்ள பேரு ஸ்டனிஸ், அவனுக்கும் சேத்து ஒரு அடி நடந்துருங்க" என்றார். உங்கள் அம்மா கேட்டால் யார் மறுப்பார்கள்? இந்நேரம் நீங்கள் நடந்தே வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

செப்டம்பர் 5, வெள்ளி

மத்தியானம் உங்கள் மெசேஜ். 'இங்கே நல்ல வெயில். பாய்லர் சூட் உடுப்பைத் துவைத்து டெக்கில் காயப் போட்டிருக்கிறேன். மாடி எப்படி?' நான் 'கல்லு மாதிரி' என்று அனுப்பினேன். இரண்டு டிக் விழுந்தது.

மனது லேசாகிவிட்டது. உங்களுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரியல் செய்தேன். சாப்பிடுகிறவர் இல்லாவிட்டாலும் செய்யலாம் அல்லவா? டெல்மா தட்டைப் பார்க்காமல் போனையே பார்த்தாள். அவளுடைய படத்தில் வெள்ளையும் சிவப்புமாக ஒரு சக்கரம். பச்சை அம்பு அதன் ஓரத்துக்குள் போய்விட்டது. "அப்பா வெயில்னு போட்டிருக்காங்க, படம் வேற மாதிரி இருக்கேம்மா" என்றாள். "படம் போடுறவன் எங்கயோ குளுகுளுன்னு ரூமுக்குள்ள இருக்கான். அப்பா அங்கயே இருக்காவ. யாரை நம்புவ?" என்றேன். நன்றாகச் சொன்னேன் என்று எனக்கே ஒரு பெருமை.

விளக்கு வைக்கிற நேரத்தில் மாமியின் பட்டன் போன் அடித்தது. அவர் வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து தெருப் பக்கம் போய் நின்றார். அதிகம் பேசியதாகத் தெரியவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். திரும்பி வந்ததும் "யாரு மாமி?" என்றேன். "ராங் நம்பரு" என்றார். உரித்த பூண்டைத் தோலோடு சேர்த்துக் குப்பையில் கொட்டினார். சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாதா படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தவர், நான் இதை எழுதுகிற இந்த நேரம் வரை எழுந்திருக்கவில்லை. வயதாகிறது. முழங்கால் வலிக்கும் என்று சொன்னால் கேட்கிறாரா?

செப்டம்பர் 6, சனி

காலையில் அனுப்பிய மெசேஜுக்கு ஒரு டிக்தான். சிக்னல் இருக்காது.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஒரு டிக்.

அது ஏதோ ஒரு தீவின் மேல் ஏறிப் போய்விட்டது. டி.வி.யில் ஒரு நிமிடம் காட்டினார்கள். தென்னை மரங்கள் தலை இல்லாமல் நின்றன. ஒரு வீட்டுக்குள் ஒரு பெண், என் வயது இருக்கும், கையில் குழம்புச் சட்டியோடு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே கூரை இருந்த இடத்தில் வானம். அவள் அழவில்லை. சட்டியை எங்கே வைப்பது என்று தெரியாதவளாக நின்றாள். அவள் பேர் என்ன என்று ஒருவனும் கேட்கவில்லை. அதன் பேரை மட்டும் பத்துத் தடவை சொன்னான் செய்தி வாசிக்கிறவன்.

உங்கள் கப்பல் அந்தத் தீவுக்கு வெகு தூரம் கிழக்கே என்று டெல்மா சொன்னாள். அப்படியானால் நல்லதுதானே? நல்லதுதான்.

பச்சை அம்பு இப்போது சாம்பல் நிறத்தில் இருக்கிறது. நகரவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்தநாள். பாயசம் கிண்டிக்கொண்டிருந்தேன். சென்னை ஏஜென்ட் ஆபீஸிலிருந்து போன். சின்னப் பையன் குரல். "மேடம், ஸ்டனிஸ்லாஸ் மச்சாடோ வீடுங்களா? ஷிப்போட சனிக்கிழமையிலிருந்து கான்டாக்ட் இல்லைங்க. ஆபத்து சிக்னல் ஒண்ணு வந்து நின்னுபோச்சு. தேடிக்கிட்டிருக்காங்க. பதட்டப்படாதீங்க மேடம்."

"நீங்க தப்பா சொல்லுதீங்க தம்பி. அங்க நல்ல வெயில்" என்றேன்.

பாயசம் அடிப்பிடித்துவிட்டது. மாமி என்னைப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்கவே இல்லை. அடுப்பை மட்டும் அணைத்தார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பேக்கரிக்குப் போனேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும்.

செப்டம்பர் 11, வியாழன்

லைஃப் போட் ஒன்று கிடைத்துவிட்டது! ஏழு பேர் உயிரோடு இருக்கிறார்கள். அந்தப் பையன் போன் பண்ணினான். டெல்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் ஏழு பேர்களையும் வாசித்தான். "இன்னொரு தடவை வாசிங்க தம்பி" என்றேன். பாவம், வாசித்தான். மறுபடியும் கேட்டேன். மூன்றாவது தடவை அவன் குரல் உடைந்துவிட்டது. யார் பெற்ற பிள்ளையோ, இந்த வேலைக்கு வந்து மாட்டிக்கொண்டான்.

ஏழு பேர் ஏறின படகில் எட்டாவது ஆளுக்கு இடம் இருந்திருக்குமே என்ற நினைப்பு வருகிறது. இப்படி நினைக்கக் கூடாது. அந்த ஏழு பேர் வீட்டிலும் இன்று பொழுது விடிந்திருக்கும். அதற்காக நான் சந்தோஷப்பட வேண்டும். படவில்லை.

இன்னொரு படகு இருக்கிறது. மரப்பலகை இருக்கிறது. ஏதாவது தீவு இருக்கும். நீங்கள் நீச்சலில் யாருக்குச் சளைத்தவர்?

செப்டம்பர் 13, சனி

அது செத்துவிட்டதாம்.

வடக்கே குளிர்ந்த தண்ணீருக்கு மேல் போனதும் பலம் போய்ச் சாதாரண மழையாக மாறிவிட்டதாம். 'இத்துடன் இதுபற்றிய கடைசி அறிக்கை' என்று போட்டு, மணியும் தேதியும் போட்டு முடித்திருக்கிறான். டெல்மா வாசித்துக் காட்டினாள். எங்கே பிறந்தது, எங்கே வளர்ந்தது, எத்தனை கூரையைத் தூக்கியது, எங்கே முடிந்தது, எல்லாம் இருக்கிறது. ஒரு காற்றுக்கு இவ்வளவு பெரிய சரித்திரம். உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

"ரொம்பப் பேரைக் கொன்னுருந்தா அந்தப் பேரை இனி எந்தப் புயலுக்கும் வைக்க மாட்டாங்கம்மா. ஓய்வு குடுத்துருவாங்க" என்றாள்.

"நல்லா மரியாதை குடுக்கானுவ" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. போனைக் கீழே வைத்துவிட்டு முதல் தடவையாக அழுதாள். நானும் சத்தம் போட்டு அழுதேன். மாமி இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு தலையையும் தன் மடியில் இழுத்துக்கொண்டார். அவர் அழவில்லை. கல்நெஞ்சு என்று நினைத்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

தேடுவதை நிறுத்திவிட்டார்கள். 'நிறுத்தி வைத்திருக்கிறோம்' என்பதுதான் அவர்கள் சொன்ன வார்த்தை. கடல் பெரியதாம். எனக்குத் தெரியாதா?

செப்டம்பர் 17, புதன்

சொந்தக்காரர்கள் வந்து வந்து உட்கார்கிறார்கள். ஒருவர் முகத்திலும் நீங்கள் உயிரோடு இல்லை. என் தாலியைப் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டுப் பார்க்காததுபோலச் சுவரைப் பார்க்கிறார்கள். யார் என்ன நினைத்தாலும் சரி, நான் கழற்ற மாட்டேன், கறுப்பு உடுத்த மாட்டேன். உங்களை யாரும் பார்க்கவில்லை. பார்க்காத வரை நீங்கள் பயணத்தில் இருக்கிறீர்கள்.

சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். யாருக்காகப் பூசை என்று பூசைக்கருத்து எழுதுகிற அறையில், கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை இல்லை, அவர் மனைவி இருந்தார். நாளைக் காலை முதல் பூசைக்கு 'ஸ்டனிஸ்லாஸ் மச்சாடோவின் பயண நலனுக்காக' என்று எழுதச் சொன்னேன். அந்த அம்மா பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "எழுதுங்கக்கா" என்றேன். எழுதினார்.

செப்டம்பர் 18, வியாழன்

இதை எப்படி எழுதுவது?

மாமி எனக்கு முன்பே எழுந்து போய்விட்டார். நானும் டெல்மாவும் போனபோது முன் வரிசையில் இருந்தார். நாங்கள் பின்னால் உட்கார்ந்தோம். புதிதாக வந்திருக்கிற சாமியாருக்கு இன்னும் ஊரில் யாரையும் தெரியாது. தாளை எடுத்து வாசித்தார். நோயாளிகளுக்காக இரண்டு பேர், தேர்வு எழுதுகிற ஒரு பிள்ளை, பிறகு "ஸ்டனிஸ்லாஸ் மச்சாடோ அவர்களின் பயண நலனுக்காக, மனைவி." நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாதாவே, கேட்டுக்கொள் என்றேன்.

அவர் தாளைத் திருப்பினார். "இறந்த விசுவாசிகளுக்காக" என்று தொடங்கினார். முதல் பேர் யாரோ. இரண்டாவது பேர், "ஸ்டனிஸ்லாஸ் மச்சாடோ அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, தாயார்."

வாசித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. தாளைத் திருப்பிப் பார்த்தார், மறுபடியும் இந்தப் பக்கம் பார்த்தார். முன்னால் இருந்த தலைகள் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பின. திரும்பாத தலை ஒன்றே ஒன்று, உங்கள் அம்மாவின் தலை. ஒரு பூசையில் ஒரு தாளில் உங்களை உயிரோடும் வைத்தார்கள், சாகவும் வைத்தார்கள். நான் எழுந்து டெல்மாவை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில் காத்திருந்தேன். அவர் வந்து செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை. என் வாயிலிருந்து என்னவெல்லாமோ வந்தது.

"பெத்த புள்ளைய சாவடிக்க அவ்வளவு அவசரமா மாமி உங்களுக்கு? யாரு பாத்தா? நீங்க பாத்தீங்களா? நீங்க மட்டும் கடல்ல போன மாமாவுக்குப் பதினோரு வருஷம் தட்டு வச்சுக் காத்திருக்கலாம், நான் பதிமூணு நாள் காத்திருக்கப்படாதா?"

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பேசியிருந்தால் இன்னும் கத்தியிருப்பேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

காலையில் நான் அடுப்படியில் இருந்தேன். மாமி வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கையில் அந்தப் பட்டன் போன்.

"ஜெசிந்தா, அன்னைக்கு வந்தது ராங் நம்பரு இல்ல."

நான் திரும்பவில்லை. எந்த அன்றைக்கு என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பூண்டு உரித்த அன்று.

"அவன்தான் பேசுனான். கப்பல் போன்ல இருந்து. ஒரே எரைச்சல், பாதி கேக்கல. 'எம்மா, சரக்கு மண்ணு தண்ணியில கொழஞ்சு சேறாயிட்டு. கப்பல் ஒரு பக்கமா சாஞ்சு கெடக்கு. பம்பையும் மண்ணு அடச்சுட்டு, நான் எறங்கிப் போயி அதத் தொறந்து விடணும். நீ மாதாகிட்ட செவம் பண்ணு'ன்னான்."

"ஏன் எங்கிட்ட பேசல?" என்று கேட்டேன். கப்பல் சாய்ந்ததைக் கேட்கவில்லை, பம்பைக் கேட்கவில்லை. இதைத்தான் கேட்டேன்.

"நானும் அதத்தான் கேட்டேன். 'ஏல, ஒம் பொண்டாட்டி உள்ளதான் இருக்கா, குடுக்கட்டுமா'ன்னேன். 'வேண்டாம்மா, அவ கொரலக் கேட்டா எனக்குக் கை ஓடாது. இப்ப கை ஓடணும். அவகிட்ட வெயில்னு சொல்லியிருக்கேன், நீயும் அப்படியே வச்சுக்க'ன்னான். 'பயமா இருக்கால'ன்னு கேட்டேன். 'ஆமாம்மா'ன்னான். அப்புறம் கட்டாயிட்டு."

மாமி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தத் துணிக்குள்ளிருந்து பேசினார்.

"சின்னதுல ஒரு நாளு பயம்னு சொன்னவன் இல்ல. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒன்ட்ட சொல்லாதன்னு போட்ட கட்டளைய எப்படி மீறுவேன்? ஒம் மாமா தோணியோட போனப்ப வருவாரு வருவாருன்னு பதினோரு வருஷம் பூசை வைக்க விடல நான். பதினோரு வருஷம் அந்த மனுசன் ஒரு செவமும் இல்லாம தண்ணிக்குள்ள கெடந்தாரு. எம்புள்ள ஒரு நாளும் அப்படிக் கெடக்கப்படாது. அதான் எழுதிக் குடுத்தேன். நீ அங்க வந்து இருப்பன்னு எனக்குத் தெரியாது புள்ள."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன செய்வது என்று தெரியாமல் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

செப்டம்பர் 20, சனி

உங்கள் மேல் எனக்குக் கோபம். அம்மாவுக்கு உண்மை, எனக்கு வெயில். அவர் பதினாலு நாள் அந்தப் பயத்தை வாயில் அடக்கி வைத்திருந்தார். நான் கத்தரிக்காய்ப் பொரியல் செய்தேன். மகளிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

என் குரலைக் கேட்டால் கை ஓடாது என்றீர்களாம். இதைக் கேட்ட பிறகு எனக்கும் கை ஓடவில்லை. இன்று பேக்கரியில் மக்ரூன் பெட்டிகளை மூடி போடாமல் அடுக்கிக்கொண்டே போயிருக்கிறேன். முதலாளி திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 22, திங்கள்

இன்று காலை மாமியும் நானும் டெல்மாவும் சேர்ந்து கோயிலுக்குப் போனோம். கோயில்பிள்ளையே இருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, "அம்மா, அன்னைக்கு நடந்தது..." என்று ஆரம்பித்தார். மாமி கையைக் காட்டி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எப்படி எழுதுவது என்று நான் சொல்ல வேண்டுமாம். எந்தப் பக்கம் சொன்னாலும் அவருக்குச் சம்மதமாம்.

தாளில் இரண்டு பக்கமும் காலியாக இருந்தன. கோயில்பிள்ளை பேனாவோடு காத்துக்கொண்டிருந்தார். டெல்மா என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள், சின்னப் பிள்ளையில் பிடிப்பாளே, அப்படி. நான் தாளைத் திருப்பி, இரண்டாவது பக்கத்தைக் காட்டினேன். "ஸ்டனிஸ்லாஸ் மச்சாடோ. அம்மா, மனைவி, மகள்னு மூணு பேரும் சேத்துப் போடுங்க" என்றேன். சொல்லி முடிக்கும் வரை குரல் இருந்தது.

மத்தியானத்திலிருந்து மழை. இந்த மாதத்தில் இப்படி ஒரு மழையை நம் ஊரில் நான் பார்த்ததில்லை. உப்பளத்துக்காரர்கள் தலையில் கை வைத்திருப்பார்கள். நான் மாடி அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கடலில் இருக்கிறவருக்குத்தான் வீட்டுக் கவலை சொல்லக் கூடாது. நீங்கள் இப்போது கடலில் வேலையாக இல்லை. இனி உங்கள் கை எதற்கும் ஓட வேண்டாம். அதனால் சொல்கிறேன்.

சாளைக் குழம்பில் இரண்டாவது தடவை உப்புப் போட்டது நான்தான். பழியை உங்கள் அம்மா மேல் போட்டேன், அதற்கு ஒரு நாள் முழுக்க இரண்டு பேரும் பேசவில்லை. டெல்மா பள்ளிக்கூடம் போய்ப் பத்து நாளாகிறது, போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ராத்திரி அவள் என்னோடுதான் படுக்கிறாள். தூக்கத்தில் அம்பு நகர்ந்துவிட்டது என்கிறாள். நான் விழித்திருந்து, எந்தப் பக்கம் என்று கேட்கிறேன். ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களுக்கும் பயமாக இருந்தது என்று தெரிந்ததிலிருந்து சொல்வதற்கு வெட்கமாக இல்லை.

கட்டிலைக் காற்றுக்காக நகர்த்தவில்லை. இப்போதும் வாளியில் சொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். வாளி நிறைந்துவிட்டது, மாமி கீழேயிருந்து குண்டானைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். நீங்கள் முழங்கால் தேய மூன்று நாள் பூசினீர்கள். நீங்கள் போன பிறகு ஜூன் மாதத்து முதல் தூறலிலேயே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் நீங்கள் ஆசையாகக் கேட்டீர்கள், நான் கல்லு மாதிரி என்றேன். கடைசியாக நீங்கள் என்னிடம் கேட்டதும் அதுதான், நான் சொன்னதும் அதுதான்.

பக்கம் முடியப் போகிறது. உங்கள் கையெழுத்துக்கு விடுகிற இரண்டு வரியிலும் இன்று நானே எழுதிவிடுகிறேன்.

இங்கே மழை. மாடி ஒழுகுகிறது.